கியர் அவ கையில இருந்துச்சு

வெயில்ல காஞ்ச ரெக்சின் சீட்டு வாசம்… பெட்ரோல் வாசம்… அதுக்கு நடுவுல கண்ணாடி வளையல் கியர் ராடுல தட்டுற சத்தம். கிணிங்.

எங்க அம்பாசிடர்ல கியர் மாறுனா அப்படித்தான் கேக்கும்.

இப்ப உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லணும்… அந்தப் பழைய வண்டியில கியர் தரையில கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழ இடது பக்கமா ஒரு ராடு நீட்டிக்கிட்டு இருக்கும். முன்னால ஒரே நீள சீட்டு. பக்கத்துல இருக்கவ கைநீட்டினா ராடு எட்டும்.

நான் ஹார்பர்ல கப்பல் கயிறு கட்டுற வேலை பார்த்தவன். பத்தாங்கிளாஸையே ரெண்டு தடவ படிச்ச மேதை. ஒரு நாள் கயிறு சுண்டி இழுத்ததுல இடது தோள் போச்சு. கை ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தப் பிடிச்சுக்கிடும், அதுக்கு மேல எழும்பாது. வண்டிய வித்துருன்னு எல்லாரும் சொன்னாங்க. என் வீட்டுக்காரி பிலோமி மட்டும், "நீங்க கிளச்ச மிதிங்க. கியர நான் போடுதேன்"னா.

அப்படித்தான் ஓட்டினோம்… இத்தன வருஷமும்.

நான் மிதிச்சுக்கிட்டு "ஏளா, ரெண்டு"ம்பேன். கிணிங். "மூணு"ம்பேன். கிணிங். போகப்போக நான் சொல்லவே வேண்டாம், என் முழங்கால் எறங்குறதப் பாத்தே போட்டுருவா. டிரைவர்னு ஊருக்குள்ள பேரு எனக்கு. வண்டி யார் கையில இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

சண்டை வந்தாத்தான் சிக்கல்.

ஒரு தடவ மணப்பாடு திருவிழாவுக்கு மாமியார் வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வாரோம். அவ அம்மா வச்ச மீன்குழம்புல புளி கூடன்னு வாய விட்டுட்டேன். ஆத்தூர் பாலம் தாண்டி ரெண்டாவது கியர்ல போகுது… அதோட கையக் கட்டிக்கிட்டா.

"ஏளா, மூணு."

"எங்கம்மாட்ட சொல்லுங்க. அவிய வந்து போடுவாவ."

தூத்துக்குடி வரைக்கும் ரெண்டுலயே வண்டி அலறிக்கிட்டு வந்துச்சு. மீன்கூடை கட்டின மொபட்டுக்காரன் எங்கள முந்திட்டுத் திரும்பித் திரும்பிப் பாக்கான். வீட்டு வாசல்ல நிறுத்தினதும் அவதான் மொதல்ல சிரிச்சா.

போன தவக்காலத்துல பிலோமி இறந்து போனா. மணப்பாட்டுலதான் அடக்கம்.

வண்டி உறை போட்டு நின்னுச்சு. மக ஒரு நாள் அம்மா எடத்துல உக்காந்து கியர் போட்டுப் பாத்தா. அவ போடும்போது நான் கால எடுத்திருப்பேன், நான் மிதிக்கும்போது அவ ரோட்டப் பாத்துக்கிட்டிருப்பா. கரகரன்னு ஒரு சத்தம். அவளுக்குக் கண்ணு கலங்கிட்டு.

"எப்பா, ஆட்டோமேட்டிக்கா மாத்திருவோம். அம்மாவப் பாக்க நெனச்ச நேரம் நீங்களே போலாம்லா."

மெக்கானிக் ஏதோ ஜப்பான் காரோட கியர்பாக்ஸக் கொண்டாந்து மாட்டுனாரு. கியர் இப்ப தரையில, மடி உயரத்துல. என் கைக்கு எட்டும். நல்லதுதான். ஆனா அத வைக்க நீள சீட்டு போகணும்னாரு. போச்சு. ரெண்டு தனிச் சீட்டு… நடுவுல கியரு.

கழட்டின ராடக் காட்டி, "அண்ணாச்சி, இது காயலாங்கடைக்குத்தான?"ன்னு கேட்டாரு. வளையல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் பெயிண்ட் போய் வெள்ளையா மின்னுது.

"இல்ல, துணி காயப்போட ஆகும்"னு வாங்கிட்டு வந்துட்டேன். கட்டில்கிட்ட இருக்கு. இன்னும் ஒரு துண்டு கூட காயப்போடல.

நேத்து தனியா மணப்பாட்டுக்குக் கிளம்பினேன். சாகுபுரம் கிட்ட பாத்தா, என் இடது கால், இப்ப இல்லாத கிளச்சப் போட்டு மிதிக்கு. வாய் தானா "ஏளா, மூணு"ன்னுட்டு.

சொல்லி முடிக்குமுன்ன வண்டியே கியர மாத்திட்டு. சத்தமே இல்ல.

அப்பல்லாம் மணப்பாடு போறதுக்குள்ள ஒரு சண்டை, ஒரு சமாதானம், நடுவுல ஒரு டீ… எல்லாம் ஆயிரும். இந்த வண்டி எதுக்கும் கோவிச்சுக்கிடாது. சீக்கிரமே கொண்டுபோய் விட்டுட்டு.

கல்லறையில மெழுகுவத்தியக் கொளுத்தி வச்சேன். கடக்காத்துல நிக்கல. கையால மறைச்சுக்கிட்டு அவட்டச் சொன்னேன்…

"புளி சரியாத்தாம்ளா இருந்துச்சு."