ரஹ்மத் சொன்ன ‘பெட்டர்’

போன வாரக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். சேலையூர் மருந்துக்கடைப் பெண் அன்பாகத்தான் கேட்டாள். “இப்ப பெட்டரா இருக்காக்கா?” எனக்குத்தான் சுள்ளென்று வந்தது. எதைவிட பெட்டர்? நேற்றைவிடவா, செத்துப்போவதைவிடவா? நல்லவேளை, தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். நம் ஊரில் யாருக்குத்தான் இந்தச் சொல் இல்லாமல் பொழுது போகிறது? பஸ்ஸைவிட டிரெயின் பெட்டர், அந்த வரனைவிட இது பெட்டர். நான் சும்மா இருப்பது பெட்டர் என்பது என் வீட்டுக்காரரின் கருத்து.

அந்தக் கடையின் ஏசியில் ஈரக் கம்பள வாடை அடித்தது. நான் முதன்முதலில் வேலை பார்த்த கால் சென்டரிலும் அதே வாடைதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு, தாம்பரத்தில் டிகிரி முடித்த எல்லோருக்கும் அந்த வேலைப் பைத்தியம் பிடித்திருந்த நேரம். எங்களுடையது ஆஸ்திரேலியாக்காரர்களின் இன்டர்நெட் கோளாறுகளைக் கேட்கும் பிரிவு, பகல் ஷிப்ட். பகல் என்பதால்தான் என் தோழி அஸ்தினாபுரம் ரஹ்மத்தை அவள் அத்தா வேலைக்கே அனுப்பினார். பாத்திரக்கடைக்காரர். அவரைச் சம்மதிக்க வைக்க அவள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள்.

கேம்ப் ரோட்டில் ஒரு மாடியில் நாங்கள் சேர்ந்துதான் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்தோம். அங்கே சார் சொல்லிக் கொடுத்திருந்தார்: “இப்படிப் பண்ணா நல்லதுன்னு மரியாதையா சொல்லணுமா? யூ ஹேட் பெட்டர்னு ஆரம்பிங்க.” நானும் எழுதிக்கொண்டேன். ஆனால் எனக்கு அந்த ‘ஹேட்’ நாக்கில் நிற்காது, அதனால் ‘ப்ளீஸ்’ போட்டே காலத்தை ஓட்டினேன். ரஹ்மத் நன்றாகப் படிக்கிறவள். அவள் பயன்படுத்தினாள்.

ஒருநாள் போனில் ஒரு பெரியவர் கோபமாகப் பேசினார். ரஹ்மத் பதறாமல், தேன் ஒழுகும் குரலில், “சார், யூ ஹேட் பெட்டர் ஸ்விட்ச் இட் ஆஃப்” என்றாள். மோடத்தைத்தான். செய்யாவிட்டால் நடப்பதே வேறு என்று அவள் மிரட்டுவதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. புகார் போனது. மறுநாளே அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

“நல்லதுன்னுதானேடி சொன்னேன்? அதுல இன்னாடி தப்பு?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் மேலாளரிடம் போய் நின்றேன். “அவ மரியாதையாத்தான் சார் பேசினா. குரலக் கேட்டாலே தெரியும்” என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யூ பெட்டர் கோ பேக் டு யுவர் சீட்.” அது மிரட்டல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வேலைக்கு அனுப்ப அவ்வளவு யோசித்த அவள் அத்தா, மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் போனேன். “எம் பொண்ணு யாரையும் மிரட்ட மாட்டாம்மா. அத மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்” என்றார். அதைக் கேட்க யாரும் கீழே வரவில்லை. சாயங்காலம் எழுந்து போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த அழைப்பின் பதிவை, எப்படிப் பேசக்கூடாது என்பதற்கு உதாரணமாக, புதிதாகச் சேரும் ஒவ்வொரு குழுவுக்கும் போட்டுக் காட்டினார்கள். பயிற்சி அறைக்குப் பக்கத்தில்தான் என் இருக்கை. சிரிப்புச் சத்தம் கேட்கும். நிறுத்தச் சொல்லி இரண்டு பேரிடம் சண்டை போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வேறு வேலை கிடைத்ததும் விலகிவிட்டேன்.

ரஹ்மத்துக்குக் கல்யாணமாகி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டேன். பிறகு அவள் நம்பர் மாறிப்போனது. அஸ்தினாபுரம் பாத்திரக்கடை இப்போது இல்லை. அந்தக் கம்பெனியும் என்றைக்கோ மூடப்பட்டு, கட்டடத்தில் ஜிம் வந்துவிட்டது. அதோடு அந்தப் பதிவும் அழிந்திருக்கும். அழியட்டும் என்று எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறேன்! இப்போது யோசித்தால், முன்பின் தெரியாத ஒருவருக்கு நல்லது சொல்ல அவ்வளவு பாடுபட்ட அந்தக் குரல் அதில் மட்டும்தான் இருந்தது.