பெட்டிக்கு வெளியே தொங்கும் கறுப்புத் துண்டு

இரும்புப் பெட்டியின் முகப்பில், கட்டுக்கம்பி சுற்றிய ஒயரின் நுனியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு தொங்குகிறது. எங்கள் கம்ப்யூட்டர் மவுசுக்கு ஒயர் கிடையாது. அது சொல்வதை இந்தத் துண்டுதான் காதில் வாங்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறதாம். இதை எனக்கு விளக்கியவள் என் மருமகள். துண்டை வெளியே கொண்டுவந்தவளும் அவள்தான். பெட்டி மட்டும் என்னுடையது.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் உத்திரமேரூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நான் வெல்டிங் வைத்த கேட் ஒன்றாவது நிற்கும். எதிலும் ஒரு பற்றவைப்புகூட விட்டுப்போனதில்லை. எங்கள் ஊர்க் குரங்குகள் எல்லார் வீட்டிலும் புகுந்து சோற்றுப் பானையைக் கவிழ்க்கும்; என் வீட்டு கிரில்லில் மட்டும் கையை நுழைக்க முடியாமல் திரும்பிப் போகும். அப்படியும் ஒருநாள் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு உள்ளே வந்து, மருமகளின் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டது. மறுநாளே கனத்த தகட்டில் ஒரு பெட்டி செய்தேன். கம்ப்யூட்டரை அதற்குள் வைத்து, பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினேன். காற்றுக்குச் சிறு துளைகள், பின்னால் ஒயர்களுக்கு ஒரு ஓட்டை, முன்னால் பூட்டு. திரை மட்டும் பெட்டிக்கு மேலே. சாவி என் அரைஞாண் கயிற்றில். அந்தப் பெட்டி மாதிரி ஒன்றை இந்த ஜில்லாவில் வேறு எவனாவது செய்திருந்தால் காட்டட்டும்.

கம்ப்யூட்டர் அவள் வேலை பார்த்த சென்னைக் கம்பெனி கொடுத்தது. சாலைப் படங்கள் வரும். லாரி, மாடு, ஆள் என்று ஒவ்வொன்றையும் சுற்றி மவுசால் கட்டம் போடவேண்டும். கோடு விளிம்பை ஒட்டியே போகவேண்டும். தப்பினால் படம் திரும்பி வந்துவிடும். என் சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் லாரியோடு வடக்கே போனால் திரும்ப நாளாகும். நம் வீட்டுப் பெண்கள் பஸ் ஏறி வேலைக்குப் போவதில்லை என்று கல்யாணத்தின்போதே நான் கறாராகச் சொல்லியிருந்தேன். ஆகவே அந்த அறையும், அந்தத் திரையில் வந்துபோகும் சாலைகளும்தான் அவளுக்கு வெளியுலகம். அந்த வேலை போனால் அதுவும் இல்லை.

பெட்டி வைத்த வாரமே மவுஸ் பேஜார் பண்ண ஆரம்பித்தது. அம்பு அசையாமல் நிற்கும், திடீரென்று துடிக்கும், நினைத்த இடத்தைத் தாண்டிக் குதிக்கும். மாட்டுக்குப் போட்ட கட்டம் பக்கத்து மரத்தில் போய் விழும். படங்கள் கட்டுக்கட்டாகத் திரும்பின. இன்னொரு தடவை இப்படி வந்தால் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவள் பேட்டரியை மாற்றினாள். மவுசின் அடிவயிற்றைத் துடைத்தாள். காலண்டர் அட்டை மேல் வைத்து ஓட்டிப் பார்த்தாள். அம்பின் வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"கம்ப்யூட்டர ஓட்டுற சாப்ட்வேரு, இன்னாம்மா அது, லினக்ஸா? காசில்லாம கெடைக்குதுன்னு சொன்னியே. ஓசிச் சரக்கு அப்டித்தான் கீது" என்றேன்.

"காத்துகூட ஓசிதான் மாமா. மூச்சு வுடாமயா கீறீங்க?" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

பிறகு ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ அடித்தாள். மவுசை அசைத்தால் அதில் எழுத்து ஓடவேண்டுமாம். எறும்புச் சாரைபோலக் கொஞ்சம் ஓடியது, நின்றது, அப்புறம் கொத்தாக வந்து கொட்டியது. "லினக்ஸ் வர்றத அப்டியே காட்டுது மாமா. வர்றதே வுட்டு வுட்டுத்தான் வருது" என்றாள். சொல்லிவிட்டு என் பெட்டியைப் பார்த்தாள். எனக்குத் தென்னேரியில் ஒரு அரிசி மில்லுக்குக் கேட் மாட்டும் வேலை இருந்தது. கிளம்பிவிட்டேன்.

அங்கே போன் வந்தது. "மாமா, பொட்டி சாவி வேணும். சாயங்காலத்துக்குள்ள படத்த அனுப்பலன்னா வேல போயிடும்."

"பொட்டியில ஒண்ணும் கோளாறு இல்ல. அது மேல கை வெக்காத. வந்து பாக்குறேன்" என்றேன். சுற்றிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். என் வேலையில் குறை என்று அதுவரை ஒருவர் சொன்னதில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் தரையில் மண்டிபோட்டிருந்தாள். பெட்டிக்குப் பின்னால், ஒயர் ஓட்டையை ஒட்டி ஒரு பலகை, அதன்மேல் மவுஸ். ஒரு கை அதன்மேல் இருக்க, உடம்பைச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒடுக்கி, கழுத்தை மட்டும் திருப்பி மேலே இருந்த திரையைப் பார்த்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டைக்கு நேராக வைத்தால்தான் அம்பு ஒழுங்காக நடந்ததாம். காலையிலிருந்து அப்படியே. கடைசிப் படத்தை அனுப்பிவிட்டு, முதுகை நிமிர்த்த முடியாமல், என் பெட்டியையே பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பொட்டி கெட்டியாத்தான் கீது மாமா. வெளிய பேசறது உள்ள கேக்கல, அவ்ளோதான்" என்றாள். அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. நான் சாவியை அவிழ்த்து நீட்டினேன். அவள் பூட்டைத் திறந்து, கம்ப்யூட்டரில் இருந்த கறுப்புத் துண்டைப் பிடுங்கி, ஒரு நீள ஒயரின் நுனியில் செருகி, மறுமுனையைக் கம்ப்யூட்டரில் மாட்டி, துண்டை வெளியே இழுத்தாள். கட்டுக்கம்பி சுற்றியது நான். அம்பு அன்றைக்கே நேரானது. சாவியை அவள் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

கம்பெனி காஞ்சிபுரத்தில் ஆபீஸ் திறந்தபோது, "நாளைலேர்ந்து போறேன் மாமா" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். முதல்நாள் பஸ் ஸ்டாண்டுக்கு என் வண்டியில்தான் கொண்டுபோய் விட்டேன். இந்தத் தெருவில் மருமகளை ஆபீசுக்கு அனுப்பிய முதல் ஆள் நான்தான் என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறேன். அது பொய் இல்லை.

இப்போது என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. குரங்கு வந்தால் எழுந்து விரட்ட முடியாது என்று, காலையில் கிளம்பும்போது கிரில் கேட்டை வெளியில் பூட்டிக்கொண்டு போகிறாள். சாவி அவள் கைப்பையில். நான் போட்ட வெல்டிங்; நானே அசைத்தாலும் அசையாது. கம்பெனி திரும்பக் கேட்காத பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் ஒரு பச்சைப் படம் வைத்துக் கொடுத்திருக்கிறாள்; அதை மவுசால் அழுத்தினால் அவள் போனுக்குக் கால் போய், அவள் முகம் வரும். இன்று மத்தியானம் ஒரு குரங்கு கிரில்லில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, முடியாமல், அது பாட்டுக்குத் தெருவோடு போனது. அது கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துவிட்டுப் பச்சைப் படத்தை அழுத்தினேன்.

"இன்னா மாமா, எதனா வேணுமா?" அவளுக்குப் பின்னால் யார் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் இல்லம்மா. மவுஸ் ஒழுங்கா ஓடுதான்னு பாத்தேன்."

"ஓடுதா?"

"நேரா ஓடுது" என்றேன்.

அவள் முகம் மறைந்தது. பெட்டிக்கு வெளியே அந்தக் கறுப்புத் துண்டு ஃபேன் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் வரும் சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.