மாமனாருக்கு நான் எடுத்துக் கொடுத்த விடை

அந்தச் சோதனையில் தேறியது என் மாமனாரா, நானா? பத்து நாளாகிறது, எனக்கு இன்னும் தெரியவில்லை.

லோத்குண்டாவில் எங்கள் தெருவுக்கு அரசு சுகாதார மையத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்திருந்தார். அறுபதைக் கடந்தவர்களின் ஞாபகசக்தியை வீடு வீடாகப் பார்க்கிறார்கள். லேசான மறதியிலேயே கண்டுபிடித்தால் கவனித்துக்கொள்ளலாமாம். கூடத்தில் உட்கார்ந்து கிழமை, மாதம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல் என்று தெலுங்கில் கேட்டார். நாற்பது வருடம் இந்த ஊர்த் தொழிற்சாலையில் தெலுங்கு பேசியே வேலை வாங்கிய மாமா தமிழிலேயே பதில் சொன்னார். என் ஐந்து வருடத் தெலுங்கில் நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பிறகு நர்ஸ் மூன்று சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டார்.

"மரம், படகு..." மாமா நின்றுவிட்டார். முழங்காலைத் தடவினார்.

"அதான் மாமா, கதவைப் பூட்டிட்டுக் கையில எடுத்துப்போமே..."

"சாவி!"

கரூரில் எங்கள் வீட்டில் அப்படித்தான். வெளியாள் முன்னால் அப்பாவுக்கு ஒரு பெயர் வராவிட்டால், அம்மா சமையலறையிலிருந்தே எடுத்துக் கொடுப்பார். பெரியவர்களைத் தடுமாற விட்டு வேடிக்கை பார்ப்பது மரியாதை இல்லை. அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கத்தான் நர்ஸ் வந்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

"மீ கோடலு உண்டகா இங்கேம் பயம் தாத்தா?" மருமகள் இருக்கையில் உங்களுக்கு என்ன பயம் என்று நர்ஸ் சிரித்தபடி கேட்டு, மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டார். பாராட்டென்று நானும் சிரித்துவைத்தேன்.

அவர் போனதும் மாமா கேட்டார். "பாஸா நானு?"

"பாஸ் மாமா."

"பிட்டு குடுத்தா எவன்தான் ஃபெயில் ஆவான்?"

"திரும்பக் கூப்பிடட்டுமா மாமா?"

"வேணாம், வேணாம். விடும்மா."

இவ்வளவு கேலி செய்யத் தெரிந்தவருக்கு மறதியா? ஆனால் போன மாதம் பள்ளி வேன் வரும் இடத்துக்குப் போனவர், கொத்தமல்லிக் கட்டோடு மட்டும் திரும்பினார். வேனிலிருந்து இறங்கிய என் நாலு வயது மகளை அங்கிருந்த வாட்ச்மேன் பிடித்து வைத்திருந்தார். "அப்பா எப்பவுமே அப்படித்தான்" என்று கணவர் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். இன்னொன்றும் உறுத்துகிறது. கல்யாணமாகி வந்த புதிதில் பாதித் தெலுங்காகப் பேசிய மாமா, இந்த ஒரு வருடமாகத் தமிழைத் தவிர எதுவும் பேசுவதில்லை. இந்த ஊரில் எனக்குப் பேச்சுத்துணை கிடைத்ததென்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவிப் போகுமோ? என் சந்தோஷமே அவர் நோயின் அடையாளமோ?

இப்போது மூன்றரைக்கு அவர் கிளம்பினால், சமையலைப் போட்டது போட்டபடி விட்டுப் பத்தடி தள்ளி நானும் போகிறேன். திரும்பும்போது மகள் தெலுங்கில் கதை சொல்லிக்கொண்டே வருகிறாள். அவர் தமிழில் "ம், அப்புறம்?" என்கிறார். அந்தக் கதை அவருக்குப் புரிகிறதா என்று தெரியாமல், இரண்டு மொழிக்கும் காது கொடுத்தபடி, இருவர் கண்ணிலும் படாமல் பின்னால் நடக்கிறேன்.

இப்படி ஒருவரோடு வெளியூரில் வாழ்கிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள். இன்னொரு முறை சோதிக்க வேண்டுமென்று மனம் நோகாமல் எப்படிக் கேட்டீர்கள்? தமிழில் கேட்பவரைத் தேட வேண்டுமா? அவர் அங்கே தடுமாறி உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, வாயை மூடிக்கொண்டிருக்க எப்படிப் பழகினீர்கள்?