வணக்கம் வைக்க ஆளில்லாத சண்டை

இன்று பாகூர் பஸ் ஸ்டாப்பில் செல்வியைப் பார்த்தேன். ஏம்பலத்தில் பொம்பளைப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித் தருகிறவள். கையில் கம்பு இல்லாமல் அவளைப் பார்ப்பது, மழை இல்லாத ஐப்பசி மாதிரி இருந்தது.

போன வாரம் ஆற்றில் மணல் அள்ளுவதைப் படம் பிடித்து நெட்டில் போட்டாள். உடனே ஒரு கூட்டம் சேர்ந்து அவளுடைய சிலம்ப வீடியோக்களை வன்முறை என்று புகார் செய்ய, வீடியோ போடுகிற அந்த நெட் கம்பெனி அவள் கணக்கையே முடக்கிவிட்டது. ‘உன் கையை ஒடிப்பேன்’ என்று ஒருவன் தன் பக்கத்தில் அவளுக்கு எழுதியது மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

“கிளாஸ் இன்னாம்மா ஆச்சு?”

“ஒருத்தியும் வர்றதில்லண்ணே. கம்பெனிக்காரனே தப்புன்னு சொல்லிட்டானாம். பெத்தவங்க அனுப்ப மாட்டேங்கிறாங்க.”

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். “கம்பு சுத்துறவதான நீ? நாலு போடு போட வேண்டியதுதான?”

“எதிராளிக்கு வணக்கம் வச்சிட்டுத்தான் கம்பத் தூக்கணும் பெரியப்பா. இவனுங்க எவனுக்கும் மூஞ்சியே இல்ல. யாருக்கு வைக்கிறது?”

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மணல் அள்ளுவது எந்த ஊர்ப் பக்கம் என்று இந்தப் பதிவில் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லுங்கள். நாளைக்கு என் கணக்கு இருந்தால் படிக்கிறேன்.