காலையில் நீலம், பகலில் மஞ்சள்

1. ஒரே ஆள், இரண்டு நிறம்

சீனி இருக்கிறதா என்று பார்க்க, காலையில் எடுத்த சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினேன். டெஸ்ட் டியூப்பில் மருந்து நீலமாகவே நின்றது. சீனி இல்லை. அதே பெண் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்ததைக் காய்ச்சினேன். மருந்து பச்சையாகி, பிறகு மஞ்சளாகிவிட்டது. சீனி இருக்கிறது.

"போத்தில் மாறிப்போச்சோ, பிள்ளை?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லங்க டொக்டர். நானே பேர் ஒட்டி, நானே கொண்டாந்தேன்."

மறுநாளும் எடுத்துப் பார்த்தோம். மறுபடியும் அப்படியே. எங்கள் இருவருக்கும் தலை சுற்றியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கண்டி டவுனில் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டரின் டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்தேன். என் வீடு பக்கத்தில், மஹய்யாவயில். ஆண் டொக்டரிடம் வரத் தயங்கும் முஸ்லிம் பெண்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்ப்பது என் வேலை. ‘மிஸ்ஸி’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அம்பிட்டியவில் இருந்த சுபைதா ராத்தா (அக்காவை அங்கே ராத்தா என்பார்கள்) என்னை அழைத்தது சீனிக்காக அல்ல, கழுத்துக்காக. அவர் கணவர் டவுனில் புடவைக்கடை வைத்திருந்தார். ராத்தாவின் பின்கழுத்தில் வெல்வெட் துணியை ஒட்டியதுபோல ஒரு கறுப்பு.

"மதினி இத ஊத்தையெண்டு சொல்றா, மிஸ்ஸி. தேங்காத் தும்பால தேச்சுத் தேச்சு ரத்தமே வந்திட்டு. போகுதில்ல."

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அக்குளிலும் அதே கறுப்பு. கழுத்தைச் சுற்றிப் பாலுண்ணிகள். வயிறு மட்டும் பெருத்துக்கொண்டு போகிறது என்றார். சோறு தின்றால் உட்கார்ந்த கதிரையிலேயே தூக்கம் வருகிறதாம். தாகம் இல்லை, மெலிவும் இல்லை. அவருடைய வாப்பா சீனி வருத்தத்தில் கால் அழுகி இறந்துபோனவர் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதை டொக்டரிடம் சொன்னபோதுதான், "எதுக்கும் சிறுநீரைப் பாரும்" என்றார். அப்படி எடுத்துப் பார்த்ததுதான் அந்த நீலமும் மஞ்சளும்.

2. திரைக்கு இந்தப் பக்கம்

டொக்டர் அம்பிட்டியவுக்கே வந்தார். அவரும் ராத்தாவின் கணவரும் முன் ஹாலில். ராத்தா திரைக்குப் பின்னால். நான் இடையில் நின்றேன்.

"எனக்குச் சீனி வருத்தமா, இல்லையா? ரெண்டுல ஒண்டச் சொல்லுங்க, டொக்டர்."

"காலமை இல்லை, அம்மா. சாப்பிட்டாப் பிறகு இருக்கு."

"அதெப்படி? அப்ப நான் பகல்ல மட்டும் நோயாளியா?"

டொக்டர் படித்த புத்தகத்தில் சீனி நோயாளி என்றால் தாகமெடுத்து எலும்பும் தோலுமாகப் போகிறவர். கடுகண்ணாவை ஸ்டேஷனில் வேலை செய்த ஒருவர் அப்படித்தான் எங்களிடம் வந்தார். இன்சுலின் போட்டதும் அவர் உடம்பு தேறியது. அதே இன்சுலினைக் கொஞ்சமாக ராத்தாவுக்கும் போடச் சொன்னார் டொக்டர். போட்டேன். பசிதான் கூடியது, பகல் டியூப்பின் மஞ்சள் மாறவில்லை.

"மருந்து பழுதோ?" என்றார் டொக்டர். அதே போத்தல் மருந்து கடுகண்ணாவைக்காரருக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ராத்தாவுக்குப் போடுவதை நிறுத்திவிட்டோம்.

எங்கள் குழப்பம் ராத்தாவைப் பயமாகப் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டையே விட்டுவிட்டார். ஒருநாள் நான் போனபோது அடுப்படியில் மயங்கிக் கிடந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, கஞ்சி புகட்டினேன்.

"கண்ண மூடினா வாப்பாட கால்தான் தெரியுது, மிஸ்ஸி" என்று அழுதார்.

கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

3. நடப்பதற்கு ஓர் இடம்

"பட்டினி கிடக்க வேண்டாம். சோத்தைக் குறையுங்கோ, மரக்கறியைக் கூட்டுங்கோ. சீனிப் பண்டம் கூடாது. ஒவ்வொரு நாளும் நடவுங்கோ" என்றார், மறுபடியும் அம்பிட்டியவுக்கு வந்த டொக்டர்.

கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்கட வீட்டுப் பொம்பள ரோட்டுல நடக்கிறதா? கடைக்கு வாற ஆக்கள் என்ன பேசுவாங்க?"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ரோட்டுல வேணாம். நான் கிணத்துக்குப் போறன்."

கிணறு வீட்டுக்குப் பின்னால், சரிவின் அடியில் இருந்தது. வேலைக்காரிதான் தண்ணீர் சுமப்பாள்.

"நீங்க தண்ணி அள்றதா? வெட்கமில்லையா?" என்றார் கணவர்.

"நான் நடக்கிறது வெட்கம் எண்டா, கால் போய் மூலையில கிடக்கிறது மானமா?"

அடுத்த நாளே ராத்தா குடத்தோடு இறங்கினார். முதலில் பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார். பிறகு பழகிவிட்டது. இரவில் சோற்றை விட்டு, கேழ்வரகு மாவில் சுட்ட குரக்கன் ரொட்டி தின்றார்.

மாதங்கள் போகப் போக, பகல் டியூப்பில் மஞ்சள் பச்சையாக இறங்கி, கடைசியில் நீலத்தில் நின்றது. வயிறு வற்றியது. கழுத்துக் கறுப்பும் மங்கியது. அதற்கு நாங்கள் எந்த மருந்தும் பூசவில்லை.

"கழுத்துக்கும் சீனிக்கும் என்னங்க டொக்டர் சம்பந்தம்?"

"எனக்கு விளங்கேல்லை, பிள்ளை. விளங்கின மாதிரி நடிக்கவும் மனம் வரேல்லை."

ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு மஞ்சள் திரும்பி வந்தது. ராத்தா ஒரு பொழுது அழுதார். மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

உடம்பில் இன்சுலின் இருந்தும் உடம்பு அதன் சொல் கேட்காமல் போகலாம், கறுத்த கழுத்து அதற்கு ஓர் அடையாளம் என்றெல்லாம் வெகுகாலத்துக்குப் பிறகுதான் மருத்துவம் தெளிவாகச் சொன்னது. அப்போது டொக்டரும் இல்லை. நானும் வேலையிலிருந்து ஓய்ந்திருந்தேன்.

இப்போது நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காலை டெஸ்ட் ஒன்றை வைத்து ‘ஒன்றுமில்லை’ என்று யாரையும் அனுப்பிவிடாதீர்கள். எப்போது எடுத்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். வயிற்றைப் பாருங்கள், கழுத்தைப் பாருங்கள், வீட்டில் யாருக்கு இருந்தது என்று விசாரியுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். மறுநாளும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.