பிள்ளை வாரதுக்கு முன்னால தொட்டில் வாங்கலாமா?

பெத்து எடுக்கதுன்னா பத்து மாசம். எங்க வீட்டுக்கு ஒரு பிள்ளை வர மூணு வருசம் ஆச்சு. அம்புட்டும் காயிதத்துலயே போச்சு.

மருமவளுக்கு ரெண்டு தடவ வயித்துல தங்கலை. ரெண்டாந்தடவ அவ ஆசைப்பட்டு குட்டிச் சட்டையெல்லாம் வாங்கி வச்சிருந்தா. அதைப் பேச வேண்டாம். பொறவுதான் மவனும் அவளும் தத்து எடுக்கோம்னு கம்ப்யூட்டர்ல பதிஞ்சாவ.

கல்யாணத்துக்கு சர்டிபிகேட் வேணுமாம். சீவலப்பேரி ஊரே வந்து பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போச்சே, அது பத்தாதா? ஒடம்புக்கும் டாக்டர் எழுதித் தரணுமாம். எம் மவன் கல்லு மாதிரி இருப்பான். ஆனா அன்னைக்கு பயந்தே பிரஷரை ஏத்திக்கிட்டான். "செத்த வெளிய உக்காந்துட்டு பைய வாரும்வே"ன்னு டாக்டரு அனுப்பிட்டாராம். சிரிக்கதா, தலையில அடிக்கதா?

அடுத்து, வீட்டைப் பாத்து எழுத ஆபீஸ்ல இருந்து ஆள் வரும்னாவ. அவுக எழுதுததை வச்சுத்தான் பிள்ளை கிடைக்குமாம். மருமவ ஒரு ரூமை ஒழிச்சு தொட்டில், கவுன், பொம்மைன்னு கடையே வச்சிட்டா. பிள்ளை வந்து சேருததுக்கு முன்னால எவளாவது தொட்டில் வாங்குவாளா? பழைய வேட்டியைக் கிழிச்சுத்தான மொதல்ல போடுவோம்? மறுபடியும் கைநழுவிப் போனா அவ தாங்குவாளா?

ஆபீஸ்ல இருந்து வாரவளைக் கூப்பிட மருமவ பஸ்ஸ்டாப்புக்குப் போன நேரம், எல்லாத்தையும் பக்கத்து வீட்டுல கொண்டு போட்டுட்டேன். இடுப்பு விட்டுப் போச்சு.

வந்தது சின்னப் பொண்ணு. கையில ஒரு அட்டை, பேனா. "பிள்ளைக்கு எங்கன இடம் வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டா. மருமவ பெருமையா கதவைத் தொறந்தா, உள்ள ஒரு நெல்லு மூட்டை மட்டும் கெடக்கு.

"அத்தை, தொட்டில் எங்க?"

"எனக்கென்னளா தெரியும்?"னுட்டேன். வாயில அப்படி வந்துட்டு.

அந்தப் பொண்ணு என்னமோ எழுதுனா. எழுதிட்டு என்னைப் பாத்து, "ஆச்சிக்கு பிள்ளை வாரதுல இஷ்டம் இல்லையோ?"ங்கா.

"என்ன பேச்சு பேசுத தாயி!"ன்னு அவ கையைப் பிடிச்சு பக்கத்து வீட்டுக்கு இழுத்துட்டுப் போனேன். அங்கன பாத்தா, மழை இருட்டுதுன்னு அந்த வீட்டுப் பாவி மவ தொட்டில் நெறைய, காயப்போட்ட வத்தலை அள்ளிப் போட்டிருக்கா! நான் எல்லாத்தையும் ஒளறிட்டேன், அந்தக் குட்டிச் சட்டையையும் சேத்து. அந்தப் பொண்ணு வத்தலை ஒதுக்கித் தொட்டிலைப் பாத்தா.

பொறவு கேட்டா, "தத்துப் பிள்ளைன்னு வளர வளர அதுகிட்ட சொல்லுவீங்களா ஆச்சி?"

"சொல்லாம? ஒனக்காவ இம்புட்டு அலைஞ்சோம்னு பீத்திக்க வேண்டாமா?"

அவ சிரிச்சிட்டா. ஆனா என்ன எழுதுனான்னு நான் எங்க கண்டேன்? எனக்கு எழுத்தும் ஒண்ணுதான், எறும்பும் ஒண்ணுதான். மருமவ மூணு நாள் எங்கூட பேசலை. நான் செஞ்ச கூத்துல பிள்ளை வராமப் போயிருமோன்னு எனக்கு சோறு எறங்கலை.

எழுதுனது நல்லாத்தான் எழுதியிருக்கான்னு பொறவு தெரிஞ்சுது. ஆனா அதுக்குப் பொறவும் காத்துக்கிட்டே கெடந்தோம். போன் அடிச்சா மூணு பேரும் ஓடுவோம், எவனாவது லோன் வேணுமான்னு கேப்பான். ஒரு நாள் போன்லயே போட்டோ வந்துட்டு. பொம்பளைப் பிள்ளை, முழி முழின்னு பாக்கா. ரெண்டு நாளுக்குள்ள பதில் சொல்லணுமாம். ரெண்டு நாளா? எம் மவன் மூக்கைச் சிந்துததுக்குள்ள சரின்னுட்டான்.

பிள்ளை வந்துட்டா. ஆனா கலெக்டர் உத்தரவு வந்தாத்தான் சட்டப்படி நம்ம பிள்ளையாம். அதுக்கும் நடையா நடந்தாவ. போன வாரம் பொறப்பு சர்டிபிகேட்டும் வந்துட்டு. மருமவ வாசிச்சா. அம்மா பேருங்குத எடத்துல அவ பேரு. "இன்னொருக்கா வாசிளா"ன்னேன். வாசிச்சா. "இன்னொருக்கா"ன்னேன்.

அதுக்குள்ள எம் பேத்தி தவழ்ந்து வந்து காயிதத்து மூலையை வாயில வச்சிட்டா.

"ஏட்டி, விடுட்டி! இன்னொரு காயிதத்துக்கு அலைய எங்களால முடியாது!"