பூச்சியத்தைப் போட்டுப் பாருங்க டீச்சர்

மண்டபம் முகாமில் விஜிதரனைப் போல் சுவரெழுத்து எழுத ஆள் கிடையாது. பி.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பு என்பது வேறு கதை. அதைக் கேட்க யாருக்கு நேரம்? ஆறு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இலங்கையிலிருந்து படகில் வந்தவன், நாற்பதைத் தாண்டியும் அகதிதான். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் குடியுரிமைக் காகிதத்தைக் கேட்டுக் கையை விரித்தார்கள். கடைசியில் பிரஷ்தான் சோறு போட்டது.

போன மே மாதம் ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. பதினொன்றாம் வகுப்புச் சுவரில் கணக்குகளை விடையோடு எழுத வேண்டும். வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் முகாமின் மூத்த பெயின்டர் சிவமணி. இது நல்லபடியாக முடிந்தால் பள்ளிக்கூடம் முழுவதும் வர்ணம் அடிக்கும் வேலையும் இவர்களுக்குத்தான்.

கணக்கு டீச்சர் பானுப்பிரியா கொடுத்த தாளில் நான்காவதாக ஓர் அசமன்பாடு: (x + 5)/(x − 1) ≥ 3. கீழே இருந்த x − 1-ஐ அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பெருக்கி, x ≤ 4 என்று முடித்திருந்தாள். விஜிதரனின் பிரஷ் நின்றுவிட்டது. x − 1 மைனஸாக இருந்தால் குறி திரும்புமே! மனத்துக்குள் பூச்சியத்தைப் போட்டுப் பார்த்தான். ஐந்தை மைனஸ் ஒன்றால் வகுத்தால் மைனஸ் ஐந்து. அது எந்த ஊரில் மூன்றைவிடப் பெரிது?

"அண்ணை, இது பிழை."

"பிழையோ சரியோ, எழுதும். நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? டீச்சருக்குக் கோபம் வந்தா முழு வேலையும் போயிடும்," என்றார் சிவமணி.

அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். விஜிதரன் மற்றக் கணக்குகளை எல்லாம் எழுதி முடித்தான். வயிறு சொல்வதையே கேட்போம் என்று திரும்பவும் பிரஷை எடுத்தான். கை வரவில்லை. படித்த படிப்பில் மிச்சமிருப்பது இந்தக் கணக்கு ஒன்றுதான், அதையும் பொய்யாக எழுதிவிட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று பிரஷைக் கீழே வைத்துவிட்டான்.

மத்தியானம் பானுப்பிரியா வந்தாள். "என்னண்ணே, நாலாவது எழுதலையா?"

"பூச்சியத்தைப் போட்டுப் பாருங்க டீச்சர்."

"எனக்கே கணக்குச் சொல்லித் தாறீகளா?"

சிவமணி தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் அவள் உதடு அசைந்தது, போட்டுப் பார்த்துவிட்டாள். முகம் செத்துப்போனது. பெஞ்சில் உட்கார்ந்து, மூன்றை இந்தப் பக்கம் கொண்டுவந்து, (8 − 2x)/(x − 1) ≥ 0 என்று புதிதாகத் தொடங்கினாள். பிறகு இருவருமாக ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கு ஏழு வந்தது, தேறியது. நான்குக்குச் சரியாக மூன்று. ஐந்துக்கு இரண்டரைதான், தேறவில்லை. ஒன்றைப் போட்டால் கீழே பூச்சியம் வந்துவிடும், அதைச் சேர்க்கவே கூடாது. விடை 1 < x ≤ 4.

"ஆத்தாடி! சுவத்துல ஏறியிருந்தா வருசா வருசம் பிள்ளைக இதைப் பாத்துல்ல எழுதியிருக்கும்," என்றாள். "நீங்க எங்கண்ணே படிச்சீக?"

சொன்னான்.

"இங்கன பிளஸ் ஒன்னுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்காகண்ணே, நான் வேணா..."

"நான் மண்டபம் கேம்ப், டீச்சர்."

அகதிக்கு அந்த வேலை கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும். சுவரைக் காட்டி, "அடியில 'சரிபார்த்தவர்'னு உங்க பேரையாச்சும் எழுதுங்கண்ணே," என்றாள்.

பிரஷைத் தோய்த்து, திருத்திய கணக்கை எழுதி முடித்தான். பட்டம் வாங்கிய நாளிலிருந்து தன் பெயரை ஒரு கணக்கின் பக்கத்தில் பார்க்க எவ்வளவு ஏங்கியிருப்பான்!

"வேண்டாம் டீச்சர். யாரு இந்த விஜிதரன்னு ஒருநாள் கேப்பாங்க. கேம்ப் பெயின்டர்னு தெரிஞ்சா சுவருக்கே வெள்ளையடிச்சிருவாங்க. பேர் இல்லாட்டிக் கணக்காவது நிக்கும்."

பானுப்பிரியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவன் திரும்பி, தாளில் இருந்தபடியே, 'தயாரித்தவர்: பானுப்பிரியா, எம்.எஸ்சி., பி.எட்.' என்று எழுதினான். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.